அறுநூறுக்கு ஆறாயிரம்

– உக்காருடா வெஸ். ஜன்னலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இப்படி நடந்துக்கிட்டே இருந்தா உன் கையில இருக்கிற சீட்டு மாறிடுமா?

– யோசிக்கிறேன் டானி. நடந்தாத்தான் எனக்கு மூளை ஓடும்.

– ஓடினது போதும். ஓஜி அண்ணே, டீலர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்க உங்க தம்பிக்கு.

– தம்பி வெஸ், ஆட்டம் உன்கிட்ட நிக்குது. நடுவுல கிடக்கிறது அறுநூறு. தங்கச்சி டானி தன்கிட்ட இருந்த மொத்த சிப்பையும் தள்ளியிருக்கு. உன்கிட்ட மிச்சம் ஆறாயிரத்து நானூறு. அத்தனையும் ஈடா வெச்சு கால் பண்ணு, இல்ல சீட்டை மடக்கிப் போடு. மாதாவே, இதை நான் எத்தனை தடவைதான் சொல்றது?

– அறுநூறுக்கு ஆறாயிரம் அண்ணே! யாராவது வைப்பாங்களா?

– வைக்க மாட்டாங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனா உன் பொண்டாட்டி காலையில இருந்து அதைத்தானே பண்ணிக்கிட்டு இருக்கு. நடுவுல நூறு கிடந்தா ஆயிரம் தள்ளுது. நீ மடக்குற. எரநூறு கிடந்தா ரெண்டாயிரம் தள்ளுது. நீ மடக்குற. ஆளுக்குப் பத்தாயிரம்னு சமமா எண்ணிக் குடுத்தேன். இப்ப பாரு, அது பக்கம் மதில் சுவர் மாதிரி நிக்குது, உன் பக்கம் வாசப்படிதான் மிச்சம்.

– மணி என்ன அண்ணே?

– நாலே முக்கால் தங்கச்சி. அஞ்சு மணிக்கு உங்க மெர்லீன் அத்தை கடையைச் சாத்திடும். வேலைக்கு நீயா அவனான்னு அதுக்குள்ள சொல்லலேன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்கிறேன்னு கண்டிப்பா சொல்லியிருக்கு. எனக்கும் ஆறு மணிக்கு டவுன்டவுன் கேசினோவுல ஷிஃப்ட். போ டையை இப்பவே கட்டிட்டேன், பாரு, கழுத்து வேர்த்து ஊறுது. இதுதான் கடைசிக் கை. யார்கிட்ட சிப் கம்மியோ அவங்க திங்கட்கிழமையில இருந்து அத்தையோட நீச்சல் குளச் சாமான் கடை. இதானே பேச்சு?

– அதான் பேச்சு.

– அதேதான். ஏசி வேலை செய்யலேன்னு வீட்டு ஓனர்கிட்ட சொன்னியா டானி?

– சொன்னேன். முதல்ல சம்பளச் சீட்டைக் காட்டு, அப்புறம் ஏசியைப் பத்திப் பேசலாம்னான். பேச்சை மாத்தாத. கால் பண்ணு.

– எனக்கு ஒண்ணு விளங்கல. எங்க வீட்ல புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னா தட்டு பறக்கும், அரை மணியில முடிஞ்சிடும். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க யாராவது ஒருத்தர் சம்பளச் சீட்டு காட்டணும். ஒருத்தர் வேலைக்குப் போகணும். இதைப் பேசி முடிவு பண்ணக்கூடாதா?

– பேசினா அழுகைதான் வரும் அண்ணே. சீட்டுன்னா மரியாதை.

– அதுவும் நாங்க ரெண்டு பேருமே இதுவரைக்கும் யார்கிட்டயும் கைகட்டி நின்னதில்லை. எட்டு வருஷமா போக்கர்தான் பொழப்பு. எப்ப எந்திரிக்கிறோமோ அதுதான் காலை. எந்த மேசை இளிச்சவாய் மேசையோ அதுதான் ஆபீஸ்.

– ரெண்டு பேருல ஒருத்தருக்கு அந்தச் சுதந்திரம் போயிடும். அதான் வெஸ் இப்படி நடக்கிறான் அண்ணே.

– நீ மட்டும் என்னவாம்? தொடை ஆடுறதுல மேசையில சிப்பெல்லாம் கிலுகிலுங்குது.

– தொடை என்னோடது. ஆடும்.

– அண்ணே, பாருங்க. நல்ல கை வந்தாத்தான் இவளுக்குத் தொடை ஆடும். மேசையில என்ன கிடக்குன்னு பாருங்க. ராணி, ஒம்போது, நாலு, இன்னொரு ராணி, கடைசியா ரெண்டு. அதுல மூணு ஹார்ட்டின். இவ கையில இன்னும் ரெண்டு ஹார்ட்டின் இருந்தா அஞ்சும் ஒரே ஜாதி, முடிஞ்சுது.

– என் கையில ஒண்ணுமில்ல.

– கேட்டீங்களா! ஒண்ணுமில்லங்கிறா!

– உண்மையாத்தான் சொல்றேன். உதார். சுத்தமான உதார். கால் பண்ணினா நீ ஜெயிச்சிடுவ.

– ஒண்ணுமில்லாதவ ஒண்ணுமில்லன்னு சொல்வாளா அண்ணே? உங்க மேசையில எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க?

– பொதுவா, ஒண்ணுமில்லங்கிறவன்கிட்ட எல்லாம் இருக்கும். அது வாஸ்தவம்.

– நீங்க அவனுக்கு எடுத்துக் குடுக்காதீங்கண்ணே! டீலர் வாயைத் திறக்கக்கூடாது.

– நீதானே தங்கச்சி என்னைப் பேசச் சொன்ன? சரி, பேசல. லும்பியா ரோல் ஆறிப்போகுது, எங்க வீட்டம்மா சுட்டுக் குடுத்தது. தின்னுக்கிட்டே யோசிங்க. எண்ணெய்க் கையோட மட்டும் சீட்டைத் தொடாதீங்க.

– அதாவது அண்ணே, கணக்குப்படி பார்த்தா இது ரொம்ப சிம்பிள். நடுவுல கிடக்கிறதை விடப் பல மடங்கு வைக்கிறவன் கையில ரெண்டே ரெண்டுதான் இருக்க முடியும். ஒண்ணு மலை. இல்லேன்னா மண்ணு. சுமாரான கையை வெச்சுக்கிட்டு யாரும் இப்படி வைக்க மாட்டாங்க. சுமாரான கைக்கு சுமாரான பந்தயம். இவளோ மலையா மண்ணான்னு கேக்குறா. நான் நடுவுல நிக்கிற சுமாரான கை.

– நீ பொறந்ததுல இருந்தே சுமாரான கைதான்.

– பாத்தீங்களா, குத்திப் பேசுறா. குத்திப் பேசினா மலைன்னு அர்த்தம்.

– சரி, உன் கை சுந்தரமான கை. இப்ப மண்ணா?

– திடீர்னு கொஞ்சுறா. இதுவும் மலைதான்.

– அப்ப நான் என்ன பண்ணினா மண்ணு, அதைச் சொல்லித் தொலையேன்!

– தம்பி, நான் பேசக்கூடாது, ஆனாலும் ஒண்ணு கேக்குறேன். இருபது வருஷமா சீட்டு போடுறவன், எனக்கே மண்டை குடையுது. இது கடைசிக் கை. மடக்கினா நீ தோத்த. கால் பண்ணித் தோத்தாலும் தோத்த. கால் பண்ணி ஜெயிச்சா மட்டும்தான் ஜெயிப்ப. மூணே வழி. ரெண்டு வழி குழி, ஒரு வழி கோவில். இதுல யோசிக்க என்ன இருக்கு? கூண்டுக் கிளிகூட கால் பண்ணும்.

– கிளிக்கு மானம் கிடையாது அண்ணே.

– இதுல மானம் எங்க வந்துச்சு?

– மடக்கித் தோத்தா என் முன்னால ஆறாயிரம் நிக்கும். தலை நிமிர்ந்து எந்திரிப்பேன். கால் பண்ணித் தோத்தா வெறும் துணி. துடைச்சு விட்டுட்டாங்கன்னு ஊரெல்லாம் பேசும். அது வேற தோல்வி, இது வேற தோல்வி.

– இங்க எது துணி? இது சாப்பாட்டு மேசை. மேல விரிச்சிருக்கிறது உங்க ஷவர் திரை.

– ஊரு எங்கடா பாக்குது? நீ, நான், அண்ணன். மூணு பேரு. கால் பண்ணு!

– ஏன் இவ்வளவு அவசரப்படுத்துற? அண்ணே, பாத்தீங்கல்ல? கால் பண்ணு, கால் பண்ணுன்னு கெஞ்சுறவகிட்ட கண்டிப்பா அஞ்சு ஹார்ட்டின்.

– கெஞ்சல. புழுக்கம் தாங்கல. கேக்குறேன்.

– அது சரி தங்கச்சி, அவனை விடு. உன்னையும் ஒண்ணு கேக்கணும். நீ முன்னால இருந்த. ரெண்டு மடங்கு சிப்பு. கடைசிச் சீட்டு விழுந்ததும் பந்தயம் வெக்காம சும்மா மேசையைத் தட்டிட்டு உக்காந்திருந்தா, இந்த அறுநூறு அவனுக்கே போனாலும் நீதான் ஜெயிச்சிருப்ப. நீ எதுக்கு அவனுக்குக் கதவைத் திறந்து விட்ட?

– மணி அடிச்சு ஜெயிக்கிறது எனக்குப் பிடிக்காது.

– ஜெயிச்சா ஜெயிச்சதுதானே?

– இல்லண்ணே. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே ஜெயிச்சான்னு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவான். நேருக்கு நேர் ஆடணும்.

– ஒருத்தன் மானங்கிறான், ஒருத்தி நேருக்கு நேருங்கிறா. மாதாவே, எங்க மேசைக்கு வர்ற குடிகாரங்களே தேவலை.

– அண்ணே, நான் மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல அந்த போக்கர் ப்ரோகிராமோட உக்காந்து படிச்சிருக்கேன்.

– என்னை விட அதோடதான் அதிகமா உக்காந்திருக்கான்.

– அது என்ன சொல்லுதுன்னா, இந்த மாதிரி மூணு ஹார்ட்டின் விழுந்த மேசையில பெரிய பந்தயம் வைக்கணும்னா கையில ஹார்ட்டின் ஏஸ் இருக்கிறது நல்லது. ஏன்னா அது உன்கிட்ட இருந்தா எதிராளிகிட்ட இருக்க முடியாது. அவன் மனசுல பயத்தை விதைச்சு...

– என்கிட்ட ஏஸ் இல்ல.

– இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. நீயா ஏன் சொல்ற?

– வெஸ், காப்பிக் கடையில ரெண்டாவது தடவை பாத்தப்ப நான் என்ன கேட்டேன்?

– இப்ப எதுக்கு அது?

– சொல்லு. அண்ணனுக்குத் தெரியாது.

– கட்டிக்கலாமான்னு கேட்டா அண்ணே. ரெண்டாவது சந்திப்புல. நடுவுல கிடந்தது ரெண்டு காப்பியும் பாதி மஃபினும்தான்.

– மாதாவே! அறுநூறுக்கு ஆறாயிரம் அப்பவேவா?

– அப்ப என் கையில என்ன இருந்துச்சுன்னு நினைச்ச?

– மலைன்னு நினைச்சேன். இவ்வளவு தைரியமாக் கேக்குறாளே, ஏதோ இருக்குன்னு.

– ஒண்ணுமில்ல. வாடகை பாக்கி, பழைய ஹோண்டா, ஒரு சூட்கேஸ். சுத்தமான உதார். நீ யோசிக்கவே இல்ல, பட்டுனு கால் பண்ணின. அந்த வெஸ் எங்க போனான்?

– அந்த வெஸ்ஸுக்கு ப்ரோகிராம் தெரியாது.

– பெரிசா தள்ளுறவ எல்லாம் ஜெயிக்கத் தள்ளுறான்னு எந்தப் ப்ரோகிராம்ல போட்டிருக்கு?

– எல்லாத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு.

– சரி. அப்ப வேலையையாவது நினைச்சுப் பாரு. மடக்கினா திங்கட்கிழமை காலையில எட்டரைக்குக் கடை. நீல பனியன், அதுல பேர் தெச்சிருப்பாங்க.

– தெரியும். நெஞ்சுல இடது பக்கம். ஆளுங்க அவங்க குளத்துத் தண்ணியைக் குப்பியில கொண்டு வருவாங்க. நாம அதுல சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுதான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணும். இவ்வளவு குளோரின், இவ்வளவு உப்புன்னு எழுதிக் குடுத்தா, ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போவாங்களாம். கேவலமா இல்ல?

– கேவலம். ஏசி வேற நடுங்குற அளவுக்கு இருக்குமாம்.

– பன்னெண்டரைக்கு சாப்பாட்டு இடைவேளை. பசிச்சாலும் பசிக்காட்டாலும்.

– ஞாயித்துக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை மனுஷன் என்னதான் பண்ணுவான்?

– தெரியல. படுத்திருப்பாங்க போல.

– காலையில பறவைச் சத்தமெல்லாம் கேக்கும். எரிச்சல்.

– ராத்திரி பத்து மணிக்கே தூக்கம் வந்துடுமாம்.

– பல்லுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குமாம்ல? என் பொண்ணுக்கு அது இருக்கு, நிம்மதியா இருக்கா.

– அண்ணே, நீங்க அவனுக்கு ஆறுதல் சொல்லாதீங்க. அவன் பயப்படணும். வெஸ், பயப்படு. பயந்து கால் பண்ணு.

– மணி நாலு அம்பத்தொண்ணு. தம்பி, இனிமே நான் டீலரா பேசுறேன். கெடு வெக்கிறேன். உனக்கு ஒரு நிமிஷம். அதுக்குள்ள வாயைத் திறக்கலேன்னா உன் கை செத்த கை. சட்டம் சட்டம்தான்.

– ஓ. சும்மா இருந்தாலே செத்துடுமா?

– செத்துடும்.

– அண்ணே, கெடுவை எடுங்க! அவன் யோசிக்கட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும்.

– இப்பத்தானே அவசரப்பட்ட?

– இப்ப அவசரமில்ல. வெஸ், என் கண்ணைப் பாரு. எட்டு வருஷத்துல உன்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கேன். இந்த வீட்டு வாடகையைப் பத்திச் சொன்னேன். உன் அம்மா பண்ற சூப்பு நல்லா இருக்குன்னு சொன்னேன். இது பொய் இல்ல. என் கையில ஒண்ணுமே இல்ல. நீ அந்த ரெண்டு சீட்டைத் திருப்பினா போதும்.

– உண்மை மாதிரியே இருக்கு.

– உண்மைதான்.

– அதான் பயமா இருக்கு. அண்ணே, மனுஷன் படிச்சதை நம்பணும் இல்லியா? மூணு வருஷப் படிப்பு. படிப்பு மலைங்குது. நான் மடக்கிடுறேன்.

– என்னது?

– மடக்கிட்டேன். இந்தாங்கண்ணே.

– வெஸ்! எடு அதை! அண்ணே, அவன் தூக்கத்துல பேசுறான். அவன் சீட்டை அவன்கிட்டயே குடுங்க.

– முடியாது தங்கச்சி. கையை விட்டு வந்துருச்சு. செத்த சீட்டோட சேத்தாச்சு. அறுநூறு உனக்கு. பதிமூவாயிரத்து அறுநூறுக்கு ஆறாயிரத்து நானூறு. நீ ஜெயிச்ச. இதோ, ரெண்டு கையையும் தட்டி விரிச்சுக் காட்டிட்டேன், ஆட்டம் முடிஞ்சுது.

– இங்க கேமரா இல்லண்ணே, யாருக்கு விரிச்சுக் காட்டுறீங்க?

– பழக்கம்.

– இந்தா, பாத்துக்கடா. ஜாக்கு, ஆறு. ஜோடி கிடையாது, ஹார்ட்டின் கிடையாது, பேர் சொல்ல ஒண்ணு கிடையாது. நான் சொன்னேனா இல்லியா? சொன்னேனா இல்லியா?

– அடேங்கப்பா. ஜாக்கு ஆறு. நல்லா ஏமாத்திட்ட டானி. சரி, என்ன பண்றது, தலையெழுத்து. எட்டு நிமிஷம்தான் இருக்கு, நான் உள்ள போய் அத்தைக்கு ஃபோன் போட்டுடுறேன். ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. என் ஃபோன் எங்க? ஆங், கையிலயே இருக்கு.

– ...ஓட்டமா ஓடுறான் பாவம். துக்கத்தை மறைக்கிறான். தங்கச்சி, இருபது வருஷத்துல இப்படி ஒரு ஆட்டத்தை நான் பாத்ததில்ல. வெறும் ஜாக்கு ஆறை வெச்சுக்கிட்டு, உதார்னு உண்மையையே சொல்லி, உண்மையை வெச்சே ஒருத்தனைக் கவுத்துட்டியே! நாளைக்கு டவுன்டவுன் பூரா இதைத்தான் பேசப்போறோம். ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?

– அண்ணே, அவன் சீட்டைத் திருப்புங்க.

– கூடாதும்மா. செத்தவனைத் தோண்டி எடுக்கிற மாதிரி. எங்க தொழில்ல அதை விடப் பாவம் கிடையாது.

– மேல கிடக்கிற ரெண்டும்தானே அவனோடது? தள்ளுங்க, நானே திருப்புறேன்.

– தங்கச்சி, வேணாம்... மாதாவே.

– ராணி.

– ராணி. ஒம்போது.

– மேசையில ரெண்டு ராணி, கையில ஒண்ணு. மேசையில ஒரு ஒம்போது, கையில ஒண்ணு.

– ஃபுல் ஹவுஸ். உன்கிட்ட அஞ்சு ஹார்ட்டின் இருந்திருந்தாலும் இதுகிட்ட நிக்காது. எதுவுமே நிக்காது. இந்த மேசையில இதை வெல்ல கட்டுலயே கை இல்ல. இவனா உக்காந்து மலை, மண்ணுன்னு பேசினான்? மலையைக் கையில வெச்சுக்கிட்டா?

– வெச்சுக்கிட்டுத்தான்.

– இரு, எனக்குப் புரிஞ்சுபோச்சு. கண்ணு கலங்குது தங்கச்சி. வேணும்னே தோத்திருக்கான். நீ ஆடணும், உன் சுதந்திரம் போகக்கூடாதுன்னு தன் தலையை நீட்டியிருக்கான். காலையில இருந்து மடக்கி மடக்கிப் போட்டானே, அதெல்லாம் உனக்காக. என்ன மனுஷன்! இப்படி ஒரு தியாகத்தை...

– உள்ள என்ன சத்தம்னு கேளுங்க.

– அத்தை! நான்தான் வெஸ். ஆமா, நானேதான், நானேதான்! திங்கட்கிழமை எதுக்கு அத்தை, நாளைக்கே வந்துடுறேனே. எட்டரை என்ன, எட்டுக்கே வர்றேன். பனியன் மீடியம். இல்ல, ஒண்ணு பத்தாது, ரெண்டு எடுத்து வையுங்க!

– ...சந்தோஷமாவா இருக்கான்?

– விசிலடிக்கிறான்.

– சரி, அவன் கதை அப்படின்னே வெச்சுக்குவோம். ஆனா நீ? சும்மா மேசையைத் தட்டியிருந்தா நிம்மதியா ஜெயிச்சிருப்ப. ஒண்ணுமில்லாத கையில எதுக்கும்மா மொத்தத்தையும் தள்ளின?

– தட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேனே அண்ணே.